நூறு நிரம்பாத கனிமம்: ஆர்ஜிரோடைட்டின் பண்பும் வகையும்

முன்னுரை

பொருள்களை இனம் பிரித்தறிதல் அறிவின் முதற்படியாகும். திணையை இரண்டாகவும், சொல்லை நான்காகவும், பாலை ஐந்தாகவும் பகுத்துக் கண்ட நம் இலக்கண நூலார், பகுத்ததோடு அமையவில்லை. இயல்களின் இறுதியில் புறனடை என ஒன்றையும் வைத்தனர். கூறிய விதிகளுள் அடங்காமல் எஞ்சுவனவும் உண்டு. அவற்றைத் தள்ளிவிடாமல் உரிய நெறியில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே புறனடையின் கருத்து. எஞ்சியதை மறைக்காத வகைப்பாடே நேர்மையான வகைப்பாடு என்னும் இவ்வுண்மை மொழிக்கு மட்டும் உரியதன்று. மண்ணுக்கடியில் கிடக்கும் கல்லுக்கும் அது பொருந்தும்.

இதனை மெய்ப்பிக்கும் அரிய கனிமம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஆர்ஜிரோடைட்டு. வெள்ளியும் கந்தகமும் செறிந்த இக்கனிமம் உலகில் மிகச் சில சுரங்கங்களிலேயே கிடைக்கின்றது. அணிகலன் ஆகும் அழகு இதற்கில்லை. ஆலைக்கு உதவும் அளவுக்கு மிகுதியாகவும் இது கிடைப்பதில்லை. ஆயினும், வேதியியலின் மாபெரும் வகைப்பாடாகிய தனிம வரிசை அட்டவணை உண்மையானதா, வெறும் கற்பனையா என்னும் வழக்கில் இக்கனிமம் சான்று கூறிற்று. இதன் பண்புகளையும், இதனை எவ்வகையில் அடக்குவது என்று அறிஞர் பட்ட பாட்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறந்த மண்

ஜெர்மனி நாட்டின் சாக்சனி மாநிலத்தில் பிரைபெர்க் என்னும் நகரம் உள்ளது. 1168ஆம் ஆண்டில் அங்கு வெள்ளித் தாது கண்டறியப்பட்டது முதல், பல நூற்றாண்டுகள் அம்மண் வெள்ளி ஈந்தது. 1765இல் அந்நகரில் சுரங்கவியல் கல்லூரி ஒன்று நிறுவப்பெற்றது. கனிமங்களை வகைப்படுத்தும் கலைக்கு அக்கல்லூரியைத் தாய்வீடு எனலாம். ஆபிரகாம் வெர்னர் என்னும் பேராசிரியர், நிறம், மிளிர்வு, கடினம், எடை முதலிய புறக்குறிகளைக் கொண்டு கனிமங்களை அறியும் முறையை 1774இல் நூலாக வெளியிட்டார். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளவிடும் முறையை வகுத்த பிரெடரிக் மோஸ் என்பாரும் பின்னர் அங்கு ஆசிரியராய் விளங்கினார்.

இத்தகைய மரபில் வந்தவர் அல்பின் வைஸ்பாக். இவர் அக்கல்லூரியின் கனிமவியல் பேராசிரியர். 1885ஆம் ஆண்டில், பிரைபெர்க்கை அடுத்த ஹிம்மல்ஸ்பர்ஸ்ட் சுரங்கத்திலிருந்து வந்த தாதுக் கற்களிடையே, தாம் அதுவரை கண்டிராத கனிமம் ஒன்றை இவர் கண்டார். வெள்ளி மிகுந்தது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்கு ஆர்ஜிரோடைட்டு எனப் பெயரிட்டார்.

புறப்பண்புகள்

வெர்னர் காட்டிய நெறியில் முதற்கண் இதன் புறக்குறிகளைக் காண்போம். புதிதாய் உடைத்த பரப்பில் இக்கனிமம் எஃகின் சாம்பல் நிறத்தோடு சிறிது செம்மை கலந்து தோன்றும். காற்றுப் பட்டு நாளாக ஆக, ஊதா நிறம் படர்ந்து கருக்கும். மிளிர்வு உலோக மிளிர்வு, ஒளி ஊடுருவாது. மெருகிடாத வெண்பீங்கானில் தேய்த்தால் சாம்பல் கலந்த கருநிறக் கோடு விழும். கனிமத்தின் மேனி நிறம் காற்றாலும் ஈரத்தாலும் மாறக்கூடும். தேய்த்துப் பெறும் துகளின் நிறம் எளிதில் மாறுவதில்லை. ஆதலின் கனிமவியலார் மேனி நிறத்தினும் துகள் நிறத்தையே பெரிதும் நம்புவர்.

கடினம் மோஸ் அளவில் இரண்டரை முதல் மூன்று வரையாகும். செப்புக் காசால் இதனைக் கீறிவிடலாம். ஒப்படர்த்தி 6.1 முதல் 6.3 வரை; அஃதாவது, சம அளவு நீரைப்போல் ஆறு மடங்குக்கும் சற்று மிகுந்த எடை உடையது. தட்டினால் நொறுங்கும். சில கனிமங்களைப் போல ஏடு ஏடாகப் பிரியாது. மேடுபள்ளமாகவோ, கிளிஞ்சலின் உட்புறம் போன்ற வளைவாகவோ முறியும். கரிக்கட்டையின் மேல் வைத்து ஊதுகுழலால் அனல் பாய்ச்சினால் எளிதில் உருகி, ஈற்றில் வெள்ளி மணியொன்றை விட்டுச் செல்லும்.

இக்குறிகளை மட்டும் கொண்டு நோக்குவார்க்கு இது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த பல கனிமங்களுள் மற்றொன்றாகவே தோன்றும். உள்ளே இருப்பது இன்னதென்று புறக்குறி சொல்லவில்லை. அதனைச் சொல்ல வேதியியலார் ஒருவர் வேண்டியிருந்தது.

எஞ்சிய ஏழு

வைஸ்பாக் தம் கல்லூரியின் வேதியியல் பேராசிரியரான கிளமென்ஸ் விங்க்ளரிடம் இக்கனிமத்தை ஒப்படைத்தார். விங்க்ளர் பகுப்பாய்வுக் கலையில் வல்லுநர். ஒரு பொருளில் எவ்வெக் கூறு எத்தனை விழுக்காடு உள்ளது எனத் தனித்தனியே நிறுத்து, அனைத்தையும் கூட்டினால் நூறு வரவேண்டும். சிற்றளவு கூடினும் குறையினும் அது கைப்பிழை எனக் கொள்ளப்படும். இது பகுப்பாய்வாளர் யாவரும் அறிந்த கணக்கு.

விங்க்ளரின் கணக்கோ நூறாகவில்லை. வெள்ளி ஏறத்தாழ 75 விழுக்காடு. கந்தகம் ஏறத்தாழ 17 விழுக்காடு. பாதரசம், இரும்பு, துத்தநாகம் ஆகியன மிகச் சிறிதளவு. கூட்டினால் 93 அல்லது 94 மட்டுமே வந்தது. மீண்டும் செய்தார், மீண்டும் அதே குறை. எத்துணை முறை முயன்றாலும் ஆறு முதல் ஏழு விழுக்காடு எங்கோ மறைந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். ஏழு விழுக்காட்டுக் குறையைப் போக்க எளிய வழிகள் இருந்தன. வெள்ளியின் அளவைச் சற்று உயர்த்தி எழுதியிருக்கலாம். கல்லில் கலந்த மண் என்று தள்ளியிருக்கலாம். கைப்பிழை என்று கைவிட்டிருக்கலாம். விங்க்ளர் இவற்றுள் எதனையும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் குறை ஒரே அளவினதாய் இருத்தலே அவர் கருத்தை ஈர்த்தது. பிழையாயின் ஒருமுறை கூடியும் ஒருமுறை குறைந்தும் வரும். மாறாத குறை பிழையன்று; அது பெயரறியாத ஒரு பொருளின் எடை. அவ்வெடைக்கு உரிய பொருள், அதுவரை எவரும் காணாத தனிமமாகவே இருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார்.

வெண்ணிற வீழ்படிவு

துணிதல் எளிது, பிடித்தல் அரிது. ஏறத்தாழ நான்கு திங்கள் விங்க்ளர் அப்பொருளைத் தேடினார். அவர் கைக்கொண்ட முறை இக்கட்டுரைப் பொருளோடு நெருங்கிய தொடர்புடையதாதலின் அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

கனிமத்தைச் சோடாவோடும் கந்தகத்தோடும் சேர்த்து உருக்கினால், ஆர்சனிக், ஆண்டிமனி போன்ற தனிமங்கள் கந்தகத்தோடு கூடி நீரில் கரையும் உப்புகளாகும். சாதாரண உப்புகளில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இவற்றில் கந்தகம் இருக்கும். ஆதலின் இவை கந்தக உப்புகள் எனப்பெறும். கரைசலில் அமிலம் சேர்த்தால் இவை சிதைந்து, ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் சல்பைடுகளாக அடியில் படியும். புதிய தனிமமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்று விங்க்ளர் கருதினார். ஆனால் படிந்தவற்றை எவ்வளவு ஆராய்ந்தும் அது அகப்படவில்லை. வடிநீரை வற்றச் செய்து பார்த்தால் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

1886ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் அப்புதிர் அவிழ்ந்தது. ஆர்சனிக்கையும் ஆண்டிமனியையும் நீக்கிய வடிநீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மிக மிகுதியாகச் சேர்த்தபோது, வெண்ணிறத் துகள் திரண்டு படிந்தது. புதிய தனிமத்தின் சல்பைடு நீரிலும் சிற்றளவு அமிலத்திலும் கரைந்து நிற்கும். செறிந்த அமிலத்தில் மட்டுமே படியும். அதுவரை ஒவ்வொரு முறையும் வடிநீரோடும் கழுவுநீரோடும் அது ஓடி ஒளிந்திருந்தது. அவ்வெண்துகளினின்று பெற்ற பொருளை ஹைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்கியபோது சாம்பல் நிறத் தனிமம் கிடைத்தது. தம் நாட்டின் பெயரால் விங்க்ளர் அதனை ஜெர்மானியம் என்றழைத்தார்.

முதலில் அவர் எண்ணிய பெயர் நெப்டியூனியம் என்பதாம். கணக்கால் முன்னறியப்பட்டுப் பின்னர் 1846இல் வானில் காணப்பட்ட கோளின் நினைவால் அவ்வாறு எண்ணினார். அப்பெயர் வேறொரு பொருளுக்கு முன்னரே இடப்பட்டிருந்தமையால் அதனைக் கைவிட்டார்.

காத்திருந்த கட்டம்

ருசிய நாட்டு அறிஞர் மெண்டலீப் 1869இல் தனிமங்களை அணு எடை வரிசையில் நிறுத்தி, பண்பொத்தவை ஒரே குழுவில் அமையுமாறு அட்டவணை வகுத்தார். அவ்வாறு வகுக்கையில் சில கட்டங்களுக்கு உரிய தனிமம் கிடைக்கவில்லை. அவர் அக்கட்டங்களை மூடவில்லை, வெறுமையாகவே விட்டார். 1871இல் அவற்றுள் மூன்றனுக்கு உரிய தனிமங்களின் பண்புகளையும் முன்னுரைத்தார். அவற்றுள் ஒன்று சிலிக்கானுக்கு அடுத்த கட்டம். அதற்குரியதை ஏகா சிலிக்கான் என்றார். ஏகா என்பது ஒன்று எனப் பொருள்படும் வடசொல்.

ஜெர்மானியம் கிடைத்தவுடன் அஃது எக்கட்டத்திற்கு உரியது என்பதில் குழப்பம் நேர்ந்தது. ஆண்டிமனிக்கும் பிஸ்மத்துக்கும் இடையது என்றார் விங்க்ளர். காட்மியத்தை அடுத்தது என மெண்டலீப்பே முதலில் கருதினார். ஏகா சிலிக்கான் இதுவே என முதலில் உணர்ந்து எழுதியவருள் பிரெஸ்லாவைச் சேர்ந்த விக்டர் ரிக்டர் குறிப்பிடத்தக்கவர். கட்டம் வகுத்தவருக்கே வந்த விருந்தினரை அடையாளம் தெரியவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது. வழக்கைத் தீர்த்தது அறிஞரின் பெருமையன்று, அளவையே.

அணு எடை 72 என்றிருந்தார் மெண்டலீப். விங்க்ளர் அளந்தது 72.32. ஒப்படர்த்தி 5.5 என்றிருந்தார், கண்டது 5.47. ஆக்சைடின் ஒப்படர்த்தி 4.7 என்றிருந்தார், கண்டது 4.703. குளோரைடு 100 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் என்றிருந்தார். அது 86 டிகிரியில் கொதித்தது. காலியம் 1875இலும் ஸ்காண்டியம் 1879இலும் முன்னரே அவர் சொல்லை நிலைநாட்டியிருந்தன. மூன்றாம் சான்றாகிய ஜெர்மானியத்திற்குப் பின் அட்டவணையின் உண்மையில் ஐயுறுவார்க்கு இடம் மிகக் குறைந்தது.

ஒருபுறம், கூட்டுத்தொகையில் எஞ்சிய ஏழு விழுக்காட்டை மறைக்காத ஒருவர். மறுபுறம், அட்டவணையில் எஞ்சிய கட்டத்தை மூடாத மற்றொருவர். ஒருவர் விட்டுவைத்த குறையும் மற்றவர் விட்டுவைத்த வெறுமையும் ஒன்றோடொன்று பொருந்திய இடமே ஆர்ஜிரோடைட்டு.

படிக வகை

தனிமங்களின் வகைப்பாட்டுக்குச் சான்று கூறிய இக்கனிமம் தன் வகையை எளிதில் காட்டிக்கொடுக்கவில்லை. வைஸ்பாக் இதனை ஒற்றைச் சாய்வுப் படிகம் என்றார். அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சாமுவேல் பென்பீல்டு, பொலிவியா நாட்டிலிருந்து வந்த ஒரு கனிமத்தை 1893இல் ஆராய்ந்தார். அதன் படிகம் கனசதுர வகையாய் இருந்தமையின் அதனை வேறு கனிமம் எனக் கொண்டு கான்பீல்டைட்டு எனப் பெயரிட்டார். பின்னர்ப் பிரைபெர்க் கனிமத்தையே எடுத்து நோக்க, அதுவும் அவ்வடிவினதே என்பது புலனாயிற்று, இரண்டும் ஒன்றே. விங்க்ளர் கூறிய வாய்பாட்டையும் பென்பீல்டு திருத்தினார். வெள்ளி அணு எட்டு, ஜெர்மானிய அணு ஒன்று, கந்தக அணு ஆறு என்பதே சரியான விகிதம். இவ்விகிதப்படி வெள்ளி 76.5, கந்தகம் 17.1, ஜெர்மானியம் 6.4 விழுக்காடாகும். நூறு நிரம்பிவிட்டது.

கான்பீல்டைட்டு என்னும் பெயர் வீணாகவில்லை. ஜெர்மானியத்தின் இடத்தில் வெள்ளீயம் அமைந்த உடன்பிறப்புக் கனிமமும் பொலிவியாவில் கிடைத்தது. பென்பீல்டு அப்பெயரை அதற்கு மாற்றிச் சூட்டினார். இவ்விரண்டுக்கும் இடையே ஜெர்மானியமும் வெள்ளீயமும் வெவ்வேறு அளவில் கலந்து நிற்றலும் உண்டு.

கனசதுரம் என்னும் முடிவும் இறுதி முடிவாகவில்லை. எக்ஸ் கதிர்களால் உள்ளமைப்பை நோக்கும் முறை வளர்ந்தபின், சுமார் 220 டிகிரி செல்சியசுக்கு மேல் மட்டுமே இப்பொருளின் அமைப்பு கனசதுரம் என்பதும், அறை வெப்பத்தில் அது செஞ்சாய்சதுர அமைப்பு என்பதும் விளங்கின. தாழ்வெப்ப அமைப்பை அணு அணுவாய்க் காட்டும் ஆய்வு 1977இல் வெளிவந்தது. சூட்டில் கொண்ட புறவடிவத்தைக் குளிர்ந்த பின்னும் கல் விடாது வைத்திருக்கும். உள்ளே அணுக்களோ இடம் மாறி அமைந்துவிடும். புறவடிவை மட்டும் நோக்கிய பென்பீல்டின் கண் தவறு செய்யவில்லை. கல்லே தன் பழைய சட்டையைக் கழற்றாமல் இருந்தது.

கந்தக உப்பா? சல்பைடா?

இனி, வேதியியல் வகைக்கு வருவோம். உலோகமும் கந்தகமும் நேரே கூடியவை சல்பைடுகள். உலோகம், ஆர்சனிக் போன்ற அரை உலோகம், கந்தகம் ஆகிய மூன்றும் கூடியவை கந்தக உப்புகள். சல்போ உப்புகள் என்பதும் இவற்றையே. செவ்வெள்ளித் தாதுகள் என வழங்கும் பைரார்ஜிரைட்டும் புரூஸ்டைட்டும் இவ்வினத்தின் பெயர்பெற்ற உறுப்பினர். முன்னதில் வெள்ளி, ஆண்டிமனி, கந்தகம். பின்னதில் வெள்ளி, ஆர்சனிக், கந்தகம். இந்நோக்கில், வெள்ளி, ஜெர்மானியம், கந்தகம் என மூன்று கூறும் உடைய ஆர்ஜிரோடைட்டும் கந்தக உப்பே. விங்க்ளர் உருக்கிய கலத்தில் ஜெர்மானியம் நடந்துகொண்ட முறையும் அதுவே.

ஆயினும் அமைப்பு நோக்கில் ஒரு வேறுபாடு உண்டு. செவ்வெள்ளித் தாதுகளில் ஆண்டிமனியும் ஆர்சனிக்கும் மூன்று கந்தக அணுக்களோடு மட்டுமே பிணைந்து, தாம் உச்சியாகக் கூம்பு வடிவில் நிற்கும். பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இணை ஒன்று மறுபக்கத்தில் இடம் பிடித்திருத்தலே இதற்குக் காரணம். ஜெர்மானியத்திற்கு அத்தகைய தனி இணை இல்லை. அது நான்கு கந்தக அணுக்களின் நடுவே நான்முகி வடிவில் அமையும். எஞ்சிய இரு கந்தக அணுக்கள் ஜெர்மானியத்தைத் தொடாமல் வெள்ளியோடு மட்டும் உறவு கொள்ளும்.

ஆதலின் வகைப்பாட்டாளரிடையே இரு வழக்குகள் நிலவுகின்றன. மூவிணைதிறன் உடைய ஆர்சனிக், ஆண்டிமனி, பிஸ்மத் ஆகியன கூம்பு வடிவில் நிற்பவற்றையே கந்தக உப்புகளின் மையக் குடும்பமாகக் கொள்வது ஒன்று. பன்னாட்டுக் கனிமவியல் கழகத்தின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வுரை, இருநூறுக்கு மேற்பட்ட கந்தக உப்புகளை இந்நெறியில் முறைப்படுத்திற்று. வேதியியல் நோக்கில் விரிந்த பொருளில் ஆர்ஜிரோடைட்டையும் உடன் சேர்ப்பது மற்றொன்று. ஸ்ட்ரன்ஸ் என்பார் பெயரால் வழங்கும் வகைப்பாடு, கந்தகத்தினும் உலோகம் மிகுந்த சல்பைடுகளிடையே இதனை வைக்கின்றது. ஒரு சொல்லைப் பொருள் நோக்கில் ஒரு வகையாகவும் வடிவு நோக்கில் வேறு வகையாகவும் கொள்ளுதல் இலக்கணத்தில் உண்டன்றோ? அதுபோல்வதே இதுவும். இருவரும் கூறுவது ஒரே கல்லைப் பற்றியே. எதனை அளவுகோலாகக் கொண்டனர் என்பதில்தான் வேறுபாடு.

பெயர் தந்த பயன்

இன்று ஜெர்மானியம் ஆர்ஜிரோடைட்டிலிருந்து எடுக்கப்படுவதில்லை. துத்தநாகத் தாதுவைத் தூய்மை செய்கையிலும் நிலக்கரிச் சாம்பலிலிருந்தும் துணைப்பொருளாகப் பெறப்படுகின்றது. 1947 டிசம்பரில் இயங்கிய முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. 1958இல் ஜாக் கில்பி காட்டிய முதல் தொகுப்பு மின்சுற்றும் அதனாலேயே ஆனது. பின்னர் அவ்விடத்தைச் சிலிக்கான் கைப்பற்றினும், ஒளியிழைகளிலும் அகச்சிவப்பு வில்லைகளிலும் ஜெர்மானியம் இன்றும் பயன்படுகின்றது.

கனிமத்தின் அமைப்பும் தன் பங்கிற்குப் பயன் தந்துள்ளது. உயர்வெப்பக் கனசதுர அமைப்பில் வெள்ளி அயனிகள் ஓரிடத்தில் நில்லாமல் எளிதில் நகர்வன. அவ்வமைப்பை அவ்வாறே வைத்துக்கொண்டு, வெள்ளியின் இடத்தில் லித்தியமும், ஜெர்மானியத்தின் இடத்தில் பாஸ்பரசும், கந்தகத்தில் ஒரு பகுதிக்குக் குளோரின் போன்ற ஹாலஜனும் அமைத்தால், லித்தியம் அயனிகள் திண்பொருளுக்குள் விரைந்து ஓடும். 2008இல் ஜெர்மனி நாட்டு வேதியியலார் டைசரோத்தும் துணைவரும் இதனை வெளியிட்டனர். தீப்பற்றும் நீர்மத்திற்கு மாற்றாகத் திண்பொருளைக் கொண்ட மின்கலங்களை உருவாக்கும் முயற்சியில் இப்பொருள்கள் பெரிதும் ஆராயப்படுகின்றன. வெள்ளியும் இல்லை, ஜெர்மானியமும் இல்லை. எனினும் அவற்றுக்கு ஆர்ஜிரோடைட்டுகள் என்பதே பெயர். வெள்ளி மிகுந்தது என்று பொருள்படும் பெயர், இன்று ஓர் அமைப்பின் பெயராக விரிந்து நிற்கின்றது.

முடிவுரை

ஹிம்மல்ஸ்பர்ஸ்ட் சுரங்கம் 1913இல் மூடப்பட்டது. பிரைபெர்க்கில் தாது அகழ்தலும் 1969இல் முற்றுப்பெற்றது. அச்சுரங்க நிலப்பகுதி 2019இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

ஆர்ஜிரோடைட்டின் வரலாற்றில் வாய்பாடு ஒருமுறை திருந்தியது. படிக வகை இருமுறை மாறியது. வேதியியல் வகை இன்னும் இருவழக்காய் நிற்கின்றது. இத்துணை மாற்றத்திற்கிடையே மாறாமல் நின்றது, எஞ்சியது இவ்வளவு என்று விங்க்ளர் எழுதிவைத்த அளவு ஒன்றே. ஆய்வு செய்யப் புகும் மாணவர், தம் தொகுப்பில் பொருந்தாத சான்று ஒன்று கிடைக்கும்போது அதனை அடிக்குறிப்பிலும் சேர்க்காமல் விட்டுவிடுதல் எளிது. அவ்வாறு விடாமல், பொருந்தவில்லை என்றே எழுதி வைப்பாராயின், பின்வருவோர் அதற்குரிய கட்டத்தைக் காண்பர். புறனடை வகுத்த நம் முன்னோர் விரும்பியதும் இதுவே எனலாம்.